நம்ம கிறுக்கை நம்ம புள்ளைங்களுக்கும் ஒட்ட வைக்கிறது எப்படி: கடக்கரை அப்பா அம்மாக்களுக்கு

காமிக்ஸ், ராக்கெட், ரோபோ, டெலஸ்கோப், வீடியோ கேம், ரூபிக்ஸ் க்யூபுன்னு ஏதோ ஒரு கிறுக்கோட வளந்து, இப்ப மூணு வயசுலேருந்து எட்டு வயசுக்குள்ள புள்ள வச்சிருக்கிறவங்களுக்குத்தான் இது. அதுலயும் தொண்டி, தேவிபட்டினம், மண்டபம், பாம்பன், கீழக்கரை, ஏர்வாடின்னு நம்ம கரையில இருக்கிறவங்களுக்கு. இங்க காமிக்ஸ் ரசிகருங்க கூடுற காமிக் கான் திருவிழா கெடையாது, போர்டு கேம் கஃபே கெடையாது, நல்ல பொம்மைக் கடைக்கே மதுரைக்குப் போகணும், அதெல்லாம் உண்மைதான், ஆனா இந்த வேலைக்குத் தேவையானதுல முக்காவாசி வாசல்லயே கெடக்கு, அதைத்தான் சொல்லப் போறேன்.

மொதல்ல ஒண்ணு மட்டும் மனசுல வச்சுக்குங்க. உங்க அலமாரியிலேருந்து ஆரம்பிக்காதீங்க, புள்ள கையில இப்ப என்ன இருக்கோ அங்கேருந்து ஆரம்பிங்க. நண்டைத் தொரத்திக்கிட்டு ஓடுற பயலைப் புடிச்சு ஒக்கார வச்சு "அப்பா சின்ன வயசுல பாத்த படம்டா, கண்ணு எடுக்காம பாரு"ன்னு சொன்னா அவன் படத்தைப் பாக்க மாட்டான், உங்க மூஞ்சியைத்தான் பாப்பான், நீங்க சிரிக்கிற எடத்துல சிரிப்பான், பத்து நிமிஷத்துல ஒண்ணுக்கு வருதும்பான். ஒட்ட வேண்டியது அந்தப் படமோ அந்த ஹீரோவோ கெடையாது, ஒரு விஷயத்தைப் புடிச்சா அது எப்படி வேலை செய்யுதுன்னு அடி வரைக்கும் நோண்டிப் பாக்கிற அந்தக் குணம். அது ஒட்டிருச்சுன்னா எந்த ஹீரோவ வேணா அவங்களே புடிச்சுக்குவாங்க.

படத்தைப் பத்தி சீக்கிரம் சொல்லி முடிச்சிடுறேன். ஸ்டார் வார்ஸ் மொதப் படம் 1977ல வந்தது, நமக்கு அது சின்னப் புள்ளைங்க படம்னு ஒரு நெனப்பு இருக்கும், ஆனா அதுல ஒருத்தன் கை வெட்டுப்பட்டு தரையில கெடக்கும், ஹீரோவோட மாமா அத்தை எரிஞ்சு கெடப்பாங்க, நாலு வயசுக்கு அது வேண்டாம். நாலு வயசுக்கு ஒரு குண்டு ரோபோவும் ஒரு பயந்தாங்கொள்ளி தங்க ரோபோவும் பாலைவனத்துல வழி தெரியாம சண்டை போட்டுக்கிட்டு அலையிறதை மட்டும் படுக்கையில கதையா சொல்லுங்க, பாலைவனத்துக்குப் பதிலா தனுஷ்கோடி மணலைப் போட்டுக்குங்க, படம் பின்னாடி வரும். ரெண்டுலேருந்து நாலு வயசு வரைக்கும் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல ஸ்கிரீன் வேண்டாம்னு உலக சுகாதார நிறுவனம் 2019ல சொல்லியிருக்கு, அந்த ஒரு மணி நேரத்தை நம்ம பழைய ஆசைக்கு செலவு பண்ணக் கூடாதுங்கிறது என் கட்சி.

காமிக்ஸ்ல நமக்கு ஒரு அதிர்ஷ்டம், தமிழ்லயே இருக்கு. சிவகாசியிலேருந்து முத்து காமிக்ஸ் 1972ல இரும்புக்கை மாயாவியோட ஆரம்பிச்சது, லயன் காமிக்ஸ் 1984ல வந்தது, நம்மள்ல பாதிப் பேருக்கு படிக்கிற பழக்கமே அங்கேருந்துதான். புள்ளைக்குப் படிச்சுக் காட்டும்போது வசனத்தை மட்டும் படிக்காம சத்தத்தையும் படிங்க, "டமால்", "க்ரீச்", "ணங்", அதுதான் அவங்களுக்கு சாப்பாடு. எழுத்து தெரியாத புள்ளைன்னா அந்த சத்தத்தை மட்டும் அவ சொல்லட்டும், வசனத்தை நீங்க சொல்லுங்க, கொஞ்ச நாள்ல பக்கம் வர்றதுக்கு முன்னாடியே டமால்ங்குவா. ஆனா ஒரு எச்சரிக்கை. மாயாவிக்கு கரண்ட் ஷாக் அடிச்சாத்தான் ஒடம்பு மறையும், இரும்புக் கை மட்டும் தெரியும். கதைப்படி சரிதான், ஆனா அஞ்சு வயசுப் பய அடுத்து எதைப் பாப்பான்னு உங்களுக்கே தெரியும், சுவத்துல இருக்கிற பிளக்கைத்தான். அதனால அந்தக் கதையைத் தொறக்குறதுக்கு முன்னாடியே கரண்ட்டுன்னா என்ன, நெசத்துல என்ன ஆகும்னு பேசிடுங்க, ஓட்டைக்கெல்லாம் பிளாஸ்டிக் மூடி போட்டுடுங்க, இல்ல ஏழு வயசு வரைக்கும் குதிரை மேல வர்ற கௌபாய் கதையோட நிறுத்திக்குங்க.

அப்புறம் நம்ம ஊரு உப்புக்காத்து. பழைய புக்கோட ஸ்டேப்ளர் பின் துருப்புடிச்சு நடுப்பக்கத்துல காவி கலர் கறை எறங்கும், பேட்டரி பொம்மையில பச்சை பூத்துடும், பைனாகுலர் கண்ணாடிக்குள்ள பூஞ்சை ஏறும். நல்ல புக்கை ஜிப் கவருக்குள்ள போட்டு ஷூ பெட்டியில வர்ற அந்தச் சின்ன சிலிக்கா பாக்கெட் ஒண்ணை உள்ள வச்சு பீரோ மேல்தட்டுல வச்சிடுங்க, பாக்கெட் மட்டும் புள்ளை வாய்க்கு எட்டாம பாத்துக்குங்க. ஆட்டம் முடிஞ்சதும் பொம்மையிலேருந்து பேட்டரியைக் கழட்டிடுங்க. புள்ளை கையில கிழிய ஒரு மறுபதிப்பை வாங்கிக் குடுங்க. உங்க பொக்கிஷத்தைக் குடுத்துட்டு அது மேல குழம்பு கொட்டிருச்சுன்னு கத்துனீங்கன்னா, அதுக்கப்புறம் அந்தப் புள்ளைக்கு புக்குன்னாலே திட்டுதான் ஞாபகம் வரும்.

இப்ப எனக்கு ரொம்பப் புடிச்ச வேலைக்கு வர்றேன். போகிமான் செஞ்ச சத்தோஷி தஜிரி சின்ன வயசுல பூச்சி புடிச்சு சேக்கிற பய, அந்த ஆசையைத்தான் 1996ல கேமா மாத்தினாரு. அப்ப நம்ம புள்ளைங்க கையில ஜப்பான் பூச்சி எதுக்கு, மன்னார் வளைகுடாவே இருக்கே. நாம 90கள்ல விளையாடின ட்ரம்ப் கார்டு ஞாபகம் இருக்கா, மல்யுத்த வீரருங்க போட்டோ போட்டு உயரம், எடைன்னு போட்டிருக்குமே, யாரு நம்பர் பெருசோ அவங்க ஜெயிப்பாங்களே, அதே ஆட்டம்தான், ஆளுக்குப் பதிலா மீனு.

கல்யாணப் பத்திரிகை அட்டையை சீட்டுக்கட்டு சைசுக்கு வெட்டுங்க, நம்ம ஊருல அது மட்டும் வீட்டுக்கு ஒரு கட்டு சேரும். ஒரு பக்கம் புள்ள படம் வரையட்டும், மறுபக்கம் நாலு வரி: வேகம், பலம், ஒளியிற திறமை, விலை. மொத மூணுக்கும் பத்துக்கு எவ்வளவுன்னு புள்ளையே மார்க் போடட்டும், ஆனா ஏன்னு காரணம் சொல்லணும், அதுதான் விதி. விலையை மட்டும் பென்சில்ல எழுதுங்க, ஏன்னா அது மார்க்கெட்ல தினம் மாறும். காலையில மீன் வாங்கப் போகும்போது புள்ளையக் கூட்டிக்கிட்டுப் போனா "சீலா கிலோ என்ன வெல"ன்னு அவளே கேட்டுட்டு வந்து அழிச்சு எழுதுவா, பெருசு சிறுசுங்கிற கணக்கு அங்கயே ஓடிரும். காத்து அடிச்சு படகு கடலுக்குப் போகாத அன்னைக்கு வெலை ஏறும், அன்னைக்கு ஒரு சாதாரண விளமீன் கார்டு எல்லாத்தையும் ஜெயிக்கும், அது ஏன்னு கேப்பா பாருங்க, அங்க புடிச்சுக்குங்க.

கார்டுல ஒரு "சக்தி" வரியும் வேணும், இதுக்கு நாம எதையும் கற்பனை பண்ணவே வேண்டியதில்ல. பேத்தை மீனு தண்ணியைக் குடிச்சு பந்து மாதிரி ஊதும், உள்ள வெஷம், அதனால "தின்னவன் தோப்பான்". கடல் குதிரையில அப்பாதான் குட்டியை வயித்துப் பையில சுமக்கும். கிளிஞ்சான் மீனு பவளப்பாறையைக் கொறிச்சு மணலா வெளிய விடும், "நாம நடக்கிற மணல்ல கொஞ்சம் மீனோட ஆய்"னு சொல்லிப் பாருங்க, அஞ்சு வயசுக்கு அதைவிட பெரிய ஜோக்கு கெடையாது. கணவாய்தான் எங்க வீட்டு மொத்தக் கட்டுலயும் ராஜா: மூணு இதயம், நீல ரத்தம், எட்டு கை ரெண்டு நீள தும்பிக்கை, நிமிஷத்துல கலர் மாறும், மைய பீச்சிட்டு ஓடும், கண்ணுல பாப்பா இங்கிலீஷ் டபிள்யூ மாதிரி வளைஞ்சிருக்கும். ஏலியன் எப்படி இருக்கும்னு ஆளாளுக்கு படம் போட்டுக் கஷ்டப்படுறாங்க, இங்க அப்பத்தா அருவாமனையில வச்சு ஏலியனைக் கழுவிக்கிட்டு இருக்கு. கழுவும்போது பக்கத்துல ஒக்கார வச்சு ஓட்டையும் மைப்பையையும் எடுத்துக் காட்டச் சொல்லுங்க, அந்த மையில தொட்டே கணவாய் கார்டை வரையலாம், வெள்ளைச் சட்டை மட்டும் வேண்டாம்.

ஒரு விதி கண்டிப்பா. கார்டுல வரையலாம், கையில எடுத்துட்டு வரக் கூடாது. கடல் அட்டை, கடல் குதிரை, பவளம் எல்லாம் வனவிலங்குச் சட்டத்துல வர்றது, செத்துக் கரை ஒதுங்குன பவளத்துண்டைக் கூட வீட்டுக்குக் கொண்டு வரக் கூடாது. மன்னார் வளைகுடாவுல இருக்கிற 21 தீவும் தேசியப் பூங்கா, வனத்துறையக் கேக்காம காலே வைக்கக் கூடாது. "ஏன் கூடாது"ன்னு புள்ள கேட்டா அதுக்கு ஒரு சாயங்காலம் ஒதுக்குங்க. மண்டபம் கேம்ப்ல கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் இருக்கு, அங்க மீன் காட்சியகமும் இருக்கு, கார்டு கட்டை எடுத்துக்கிட்டுப் போயி ஒவ்வொரு தொட்டிக்கும் ஒரு கார்டைக் காட்டி டிக் அடிக்கலாம்.

அடுத்தது பகடைக் கதை. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்னு 1974ல கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் போட்ட ஆட்டம், ஒருத்தர் கதை சொல்லுவாரு, மத்தவங்க அதுக்குள்ள ஆளா நடிப்பாங்க, ஜெயிப்பா தோல்வியான்னு பகடை முடிவு பண்ணும். அந்தத் தடி தடி புக்கெல்லாம் பெரியவங்களுக்கு. சின்னதுகளுக்கு ஆறு சோழி போதும், குலுக்கிப் போட்டு வாய் மேல பாத்து எத்தனை விழுதுன்னு எண்ணுங்க. மூணுக்கு மேலன்னா நெனச்சது நடக்கும், மூணுன்னா நடக்கும் ஆனா ஒரு வம்பு வரும், கீழன்னா சொதப்பல். லூடோ பகடையில ஒண்ணுலேருந்து ஆறு வரைக்கும் எல்லாம் ஒரே மாதிரி விழும், சோழியில நடு எண்ணுதான் அடிக்கடி விழும், ஆறும் பூஜ்யமும் எப்பவாவதுதான், அதனால வம்பு நெறைய வரும், கதைக்கு அதுதான் நல்லது. ஏழு எட்டு வயசுப் புள்ளைன்னா ரெண்டையும் போட்டுப் பாத்து நோட்டுல கோடு போடச் சொல்லுங்க, நிகழ்தகவுங்கிற பேரே சொல்லாம பாடம் முடிஞ்சிரும்.

கதை சொல்றவருக்கு ஒரே ஒரு சட்டம்தான், "முடியாது"ன்னு சொல்லக் கூடாது, "சரி, போட்டுப் பாரு"ன்னுதான் சொல்லணும். எங்க மக கதையில ஒரு பேத்தை ராட்சசன் பாலத்தை மறிச்சுக்கிட்டு நிக்கிறான், நான் கத்தி, வில்லுன்னு எல்லாம் ரெடியா வச்சிருந்தேன், அவ "பனங்கிழங்கு குடுத்து பிரெண்டு ஆக்கப் போறேன்"னா. சோழி மூணு விழுந்துச்சு. ராட்சசன் தின்னான், பிரெண்டாயிட்டான், ஆனா நாரு பல்லுல மாட்டிக்கிச்சுன்னு அழ ஆரம்பிச்சுட்டான். அப்புறம் மீதி ஆட்டம் முழுக்க பல்லு குத்துற வேலைதான், டிராகன் பாட்டுக்கு ஓரமா நின்னுச்சு. தம்பிக்கு நாலு வயசு, அவன் ஆயுதம் எப்பவும் ஒரு பை குண்டு மிளகாய்ப் பொடி, எல்லாத்துக்கும் அதையே தூவுவான், தூவட்டும்.

எடம் எதை வேணாலும் வைங்க, பாம்பன், சேதுக்கரை, வாலிநோக்கம், ஆனா தனுஷ்கோடிய பேய் ஊரா மட்டும் ஆக்காதீங்கன்னு நான் சொல்லுவேன். 1964 டிசம்பர் புயல்ல அங்க செத்தவங்க நம்ம சனம், அந்த ராத்திரியப் பாத்த பெருசுங்க இன்னும் சில வீட்டுல இருக்காங்க, பக்கத்து வீட்டுத் தாத்தா காதுல "அங்க பேய் வந்துச்சு"ன்னு நம்ம புள்ள கத்துறது நல்லா இருக்காது. அந்த ஊரு ஸ்டேஷன், சர்ச்சு, கப்பல் ஏறி இலங்கை போனதுன்னு நெசக் கதையா சொல்லுங்க, அதுவே போதும்.

வானம். இதுல நம்மகிட்ட இருக்கிற வசதி சென்னைக்காரனுக்குக் கெடையாது. ஏப்ரல் 15லேருந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடி தடைக்காலம், போட்டெல்லாம் கரையில, பள்ளிக்கூடமும் பெரும்பாலும் லீவு, கடலுக்குப் போற அப்பாக்கள் வீட்டுல இருக்கிற காலம், சரியா அப்பதான் தெற்குச் சிலுவை ராத்திரி நேரத்துக்கு மேல வரும். மே மாசக் கடைசியில எட்டரை மணி வாக்குல தென்கடல் கரையில நின்னு கையை நீட்டி முஷ்டியை மடக்குங்க, ஒரு முஷ்டி சுமாரா பத்து டிகிரி, தொடுவானத்துலேருந்து ரெண்டு முஷ்டி உயரத்துல நாலு நட்சத்திரம் பட்டம் மாதிரி நிக்கும். டெல்லியில இது தலை காட்டுறதே பெரும்பாடு. அப்புறம் வடகடல் பக்கம் போங்க, மண்டபத்துலன்னா நடந்தே போயிடலாம், அங்க தொடுவானத்துலேருந்து ஒரே ஒரு முஷ்டி உயரத்துல துருவ நட்சத்திரம், மேகமோ மூட்டமோ இல்லாத நாளாப் பாத்துக்குங்க. அது எத்தனை டிகிரி உயரத்துல இருக்கோ அதுதான் நம்ம ஊரோட அட்சரேகை, ஒம்பது சொச்சம். முஷ்டியாலயே நம்ம ஊரு பூமியில எங்க இருக்குன்னு அளந்தாச்சு, ஜிபிஎஸ் வர்றதுக்கு முன்னாடி கடலோடிங்க இந்த மாதிரிதான் பாத்தாங்கன்னு சொல்லுங்க.

சிலுவைக்கு இடது பக்கம் பளிச்சுன்னு ரெண்டு இருக்கும், அதுல சிலுவைக்குத் தள்ளி இருக்கிறது ஆல்ஃபா சென்டாரி, சூரியனுக்கு அடுத்தபடியா நமக்குப் பக்கத்து நட்சத்திரக் கூட்டம், அதோட வெளிச்சம் இங்க வர நாலு வருஷத்துக்கும் கொஞ்சம் மேல ஆகும். நாலு வயசு இப்பதான் முடிஞ்ச புள்ளைகிட்ட "இப்ப உன் கண்ணுல விழுற வெளிச்சம் அங்க கெளம்பும்போது நீ அம்மா வயித்துக்குள்ள இருந்த"ன்னு சொல்லுங்க. ஒளியாண்டுக்கு வேற வெளக்கமே வேண்டாம்.

விண்வெளி நிலையத்தையும் விடாதீங்க. நம்ம ஊருக்கு மேல எப்ப வரும்னு நாசாவே இலவசமா சொல்லுது, சூரியன் மறைஞ்ச கொஞ்ச நேரத்துல இல்ல விடியிறதுக்கு முன்னாடிதான் தெரியும், மினுக்காது, சத்தம் கெடையாது, மேக்கேருந்து கெழக்க நேரா போகும், சில நேரம் நடு வானத்துலயே பூமி நெழலுக்குள்ள போயி பட்டுன்னு அணைஞ்சிடும். உயரம் சுமாரா 400 கிலோமீட்டர், அப்படின்னா தலைக்கு மேல வரும்போது அது சேது எக்ஸ்பிரஸ்ல ராத்திரி முழுக்கப் போயி சேர்ற சென்னையை விட நமக்குக் கிட்ட. 2025ல நம்மாளு, விண்வெளி வீரர் சுபான்ஷு சுக்லா அதுக்குள்ளதான் இருந்தாரு. டெலஸ்கோப் வாங்காதீங்க, சின்னப் புள்ளைக்கு அதுல கண்ணை வைக்கவே வராது, 7க்கு 50 இல்ல 10க்கு 50ன்னு போட்ட பைனாகுலர் போதும் (மொத எண்ணு எத்தனை மடங்கு பெருசாக் காட்டும்ங்கிறது, ரெண்டாவது முன்கண்ணாடியோட அகலம் மில்லிமீட்டர்ல), அதை மதில் மேல ஊனி வியாழனைப் பாத்தா 1610ல கலிலியோ பாத்த அதே நாலு நெலா புள்ளியாத் தெரியும். பகல்ல சூரியன் பக்கம் மட்டும் திருப்பவே கூடாது, பகல்ல அதைப் பூட்டி வச்சிடுங்க.

கலாமைச் சொல்லாம நம்ம ஊருல இதை முடிக்க முடியாது, ஆனா எல்லாரும் சொல்ற மாதிரி பேப்பர் போட்ட கதையோட நிறுத்தாதீங்க. பறவை எப்படிப் பறக்குதுன்னு வகுப்புல சொல்லிட்டு, புரியலன்னதும் பசங்களை ராமேஸ்வரம் கடக்கரைக்கே கூட்டிக்கிட்டுப் போயி பறக்கிற பறவையக் காட்டின வாத்தியார் சிவசுப்பிரமணிய ஐயர், அவரைப் பத்தி கலாமே பல தடவை எழுதியிருக்காரு, பேசியிருக்காரு. நம்ம வேலை அந்த வாத்தியார் வேலைதான். பேக்கரும்பு நினைவிடத்துக்குக் கூட்டிக்கிட்டுப் போனா புகைப்படத்தைப் படிச்சுக் காட்டிக்கிட்டு நிக்காம ராக்கெட் மாடல்கிட்ட விட்டுடுங்க.

கைவேலை புடிச்ச புள்ளைன்னா பாம்பன் பாலம். 1914ல வந்த பழைய பாலத்துல நடுவுல ரெண்டு கையும் மேல தூக்கின மாதிரி ரெண்டு பக்கமும் விரிஞ்சுச்சு, ஆளுங்க நின்னு தள்ளித்தான் தொறந்தாங்க. 2025 ஏப்ரல்ல தொறந்த புதுப் பாலத்துல 72.5 மீட்டர் நீளத் துண்டு அப்படியே படுத்தவாக்குல 17 மீட்டர் மேல ஏறும். ரெண்டு செருப்பு டப்பாவ நிமிர்த்தி வைங்க, அதுதான் கோபுரம். ரெண்டு உச்சியிலயும் பேனா ரீஃபிலை குறுக்க சொருகி, அட்டைப் பாலத்தோட ரெண்டு ஓரத்துலயும் நூலைக் கட்டி ரீஃபில் மேல போட்டு ஒவ்வொரு நூலோட மறு முனையிலயும் ஒரு தீப்பெட்டியைக் கட்டுங்க. தீப்பெட்டிக்குள்ள மணலைக் கொஞ்சம் கொஞ்சமா போட்டுக்கிட்டே வந்தா ரெண்டு பக்க எடையும் சமமாகுற எடத்துல பாலத்தை சுண்டு விரலால தூக்கலாம், நெசப் பாலத்துலயும் எதிர் எடைதான் பாதி வேலையைச் செய்யுது. சித்தப்பாவோ மாமாவோ விசைப்படகு வச்சிருந்தா தடைக்காலத்துல கேபினுக்குள்ள ஏத்தி விடச் சொல்லுங்க, ஜிபிஎஸ், எக்கோ சவுண்டர், வயர்லெஸ், ஸ்டியரிங்குன்னு கடையில எவ்வளவு குடுத்தாலும் கெடைக்காத விண்கலம் அது, சும்மா "கமாண்டர், இடது பக்கம் திருப்பு"ன்னு நீங்க ஆரம்பிச்சு வச்சா போதும்.

வளைகுடா நாட்டுல வேலை பாக்குற அப்பாக்களுக்கு ஒரு வார்த்தை. மேல சொன்ன சோழி ஆட்டத்தை வீடியோ கால்லயே நடத்தலாம், சோழி புள்ள கையில, கதை உங்க வாயில. "சாப்டியா, படிச்சியா"வை விட ஓடும். லீவுல வரும்போது பெட்டி நெறைய பொம்மை வேண்டாம், ஒரு பைனாகுலர் போதும்.

வீட்டுல "இந்த வயசுல ஒனக்கு எதுக்குய்யா பொம்மை"ன்னு அப்பத்தா கேக்கும், கேக்கட்டும், அப்பத்தாவையும் ஆட்டத்துல சேத்துக்குங்க, மீனு பேரு எல்லாம் அதுக்குத்தான் சரியாத் தெரியும்.

கடைசியா, புள்ளைக்கு இது எதுவும் புடிக்கலன்னா? நட்சத்திரத்தைக் காட்டுனா கொட்டாவி, கார்டைக் காட்டுனா கப்பல் செஞ்சு தண்ணியில விடுறான், அவனுக்கு ஜேசிபிதான் உயிரு, இல்ல யூடியூப்ல எவனோ கத்திக்கிட்டே கேம் விளையாடுறதுதான் உயிரு. அப்ப நீங்க மாணவன். பக்கத்துல ஒக்காந்து "இந்த வண்டி கை எப்படி மடங்குது, யாரு பெருசு, நீயா இருந்தா என்ன பண்ணுவ"ன்னு கேளுங்க, நடிக்காம கேளுங்க, புள்ளைங்க நடிப்பைக் கண்டுபுடிச்சிடும். ஜேசிபி கை மடங்குறதை ரெண்டு ஊசி சிரிஞ்சும் ஒரு ட்யூபும் தண்ணியும் வச்சு செஞ்சு காட்டலாம், ஊசியைக் கழட்டிட்டுத்தான், ட்யூபுக்குள்ள காத்துக் குமிழி இல்லாம நெரப்பணும், இல்லன்னா ஒண்ணை அமுக்குனா இன்னொண்ணு சோம்பேறி மாதிரி லேட்டா வரும். மெடிக்கல் கடையில 5 எம்எல், 20 எம்எல் ரெண்டு சைசும் கேட்டு வாங்கிக்குங்க, சின்னதை அமுக்கி பெருசைத் தூக்கும்போது எவ்வளவு லேசா இருக்குன்னு அவன் விரல்லயே தெரியணும்.